ஆமான்னு சொல்லுங்க பெரிம்மா

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என்னை விட்டு முதலில் போனது சத்தம்தான். தாம்பரம் சானடோரியம் பக்கத்து ஏற்றுமதி வளாகத்தில், ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில், செக்கிங் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். நூற்றுக்கணக்கான தையல் மெஷின் ஓடும் ஹாலில் கத்திக் கத்தியே பேசிப் பழகியவள். "ஏய், இந்தக் காலரைப் பாரு, எப்படிக் கோணிக்கிட்டு நிக்குது, கண்ணு எங்க இருக்கு உனக்கு?" என்று நான் போடும் சத்தம் கேன்டீன் வரைக்கும் கேட்கும் என்பார்கள். அப்படிப்பட்டவள் மாடம்பாக்கத்தில் ஒற்றைப் படுக்கையறை ஃப்ளாட்டில் வந்து உட்கார்ந்தேன். காலையில் பால் பாக்கெட் எடுக்கும்போது எதிர்வீட்டுப் பெண் ஒரு தலையாட்டல் ஆட்டுவாள். அன்றைய பேச்சு அதோடு சரி. சாயங்காலம் பார்த்தால் எனக்குத் தொண்டை கட்டியிருக்கும். பேசாமலே இருந்தாலும் தொண்டை கட்டும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா படுக்கையில் கிடந்தாள், பிறகு அம்மா போய்விட்டாள், அதற்குள் எனக்கு வயதாகிவிட்டது. இதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. ஓசூரில் ஒரு தம்பி இருக்கிறான். பொங்கலுக்கு போன் செய்து "எப்படி இருக்கக்கா?" என்பான். "நல்லா இருக்கேன்டா" என்பேன். நல்லா இல்லை என்று சொல்லியிருந்தால் பாவம், அவன் என்ன செய்வான்?

வேலை பார்த்த காலமெல்லாம் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணம் மொத்தமாக வந்து சேர்ந்தது. மாதாமாதம் பென்ஷன் என்றும் ஒன்று வருகிறது. அது எவ்வளவு என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதைக் கொடுக்கிறவர்களுக்கு இல்லாத வெட்கம். பாலுக்கும் கரண்ட் பில்லுக்கும் அது போய்விடும். ஆகவே அந்த மொத்தப் பணம்தான் எனக்குப் பிள்ளை, குட்டி, மருத்துவமனை, காரியச் செலவு எல்லாம். அதை எங்கேயாவது பத்திரமாகப் போட வேண்டும் என்று கேம்ப் ரோடு பக்கம் என் கணக்கு இருந்த வங்கிக்குப் போனேன். அங்கேதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். கழுத்தில் வங்கி அடையாள அட்டை. மற்றவர்களெல்லாம் "மேடம்" என்றபோது அவள் மட்டும் எழுந்து வந்து, "உட்காருங்க பெரிம்மா, கால் வலிக்கப் போகுது" என்றாள். கம்பெனியில் நான் எல்லோருக்கும் மேடம். முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்கள் இருந்திருக்கும், அது கிடக்கட்டும். என் வாழ்க்கையில் என்னைப் பெரியம்மா என்று யாரும் கூப்பிட்டதில்லை. தம்பிக்கு ஒரே பையன், அவனுக்கு நான் அத்தை, அவனுக்கும் அது எப்போதாவதுதான் நினைவு வரும்.

"எஃப்.டி.ல போட்டா வட்டி குறைஞ்சுகிட்டே போகும் பெரிம்மா. இதுல ஒரே ஒரு தடவை போட்டுட்டா போதும், காலம் முழுக்க மாசாமாசம் பென்ஷன் மாதிரி வரும்" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஏமாளி அல்ல நான். ஆனால் அவள் விடவில்லை. பீர்க்கன்கரணையில் ஏரிக்கரைப் பக்கம் அவள் வீடு. வேலை முடிந்து போகும் வழி இது இல்லை. இருந்தும் ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவாள். டீ போட்டுக் கொடுப்பேன். தயிர் சாதம் இருந்தால் தட்டில் போட்டுத் தருவேன். மேனேஜர் திட்டுவது, டார்கெட் முடியாதது, அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் ஸ்கூட்டி வேண்டாம் கார் வாங்கித் தாருங்கள் என்றது, எல்லாம் சொல்வாள். "அவன் கிடக்கிறான் போடி, நல்ல வேளை தப்பிச்சே" என்று நான் சத்தம் போடுவேன். சத்தம் போட ஒரு ஆள் கிடைத்ததே, அதைச் சொல்லுங்கள்.

எல்லாம் நடிப்பு என்று வைத்துக்கொண்டால் எனக்கு வசதி. பலர் அப்படித்தான் பிறகு சொன்னார்கள். ஆனால் ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்தவள் அப்படியே வாய் பிளந்து தூங்கிப்போனாள். ஃபேனை ஒரு எண் குறைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்குவதை யார் நடிக்க முடியும்? என் வீட்டில் இன்னொருவர் மூச்சு விடும் சத்தம் கேட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது. அந்த வாரமே காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"பெரிம்மா, கம்பெனியிலேர்ந்து வெரிஃபிகேஷன் கால் வரும். சும்மா ஃபார்மாலிட்டி. எல்லாருக்கும் ஒரே மாதிரி படிப்பாங்க. என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லிடுங்க. ஒண்ணுக்கு இல்லன்னு சொல்லிட்டா கூட திரும்ப முதல்லேர்ந்து கூப்பிடுவாங்க, ஒரே பேஜாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் எச்சரிக்கையாகச் சொன்னாள். எனக்கு அது நல்ல செய்தியாகக் காதில் விழுந்தது. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

மறுநாள் கூப்பிட்டார்கள். ஒரு பெண் குரல். அப்பப்பா, என்ன மரியாதை! என் முழுப் பெயரையும் சொல்லி, இப்போது பேசலாமா மேடம் என்று கேட்டது. பேசலாம், தாராளமாகப் பேசலாம் என்றேன். எந்த ஊரிலிருந்து பேசுகிறாய், சாப்பிட்டாயா என்று கேட்டேன். "மன்னிக்கணும் மேடம், இந்த உரையாடல் பதிவு செய்யப்படுது" என்றாள். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள், நானும் ஆமாம் போட்டுக்கொண்டே வந்தேன். இன்னும் ஒரு கேள்விதான் என்றாள். இவள் வைத்துவிட்டால் இந்த நாளில் வேறு பேச்சு கிடையாது. "திட்டத்தின் விவரங்கள் எல்லாம் தெளிவாகப் புரிந்ததா மேடம்?" என்றாள். "இல்லம்மா, எனக்கு ஒண்ணும் புரியல" என்றேன். அவள் நன்றி சொல்லி, மீண்டும் தொடர்பு கொள்கிறோம் என்றாள். எனக்குத் திருப்தி. நாளைக்கும் ஒரு போன் உண்டு.

மறுநாள் போனுக்கு முன்னால் வங்கிப் பெண்ணே வந்து நின்றாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "என்ன பெரிம்மா இப்படிப் பண்ணிட்டீங்க, மேனேஜர் என்னைக் கிழிச்சுட்டாரு" என்று கண் கலங்கினாள். டீ போட்டேன். போன் வந்தபோது என் பக்கத்திலேயே உட்கார்ந்து என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். இது ஆயுள் காப்பீடு, ஆண்டுதோறும் பிரீமியம் கட்ட வேண்டும், இது தெரியுமா என்று குரல் கேட்டது. நான் திரும்பி அவளைப் பார்த்தேன். "ஆமான்னு சொல்லுங்க பெரிம்மா" என்று காதோரம் முணுமுணுத்தாள். சொன்னேன். புரிந்ததா என்றார்கள். "நல்லாப் புரிஞ்சுதும்மா" என்றேன். அவள் என் கையை ஒரு அழுத்து அழுத்தினாள்.

அதற்குப் பிறகு இரண்டு முறை வந்திருப்பாள். அப்புறம் வேறு கிளைக்கு மாற்றல் என்று மெசேஜ் வந்தது. போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வரும். பிறகு அதுவும் வருவதில்லை. வேலை அப்படி, என்ன செய்வாள் என்று நானே அவளுக்காக எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வருடம் திரும்பியதும் குட்டு உடைந்தது. இரண்டாம் தவணை கட்ட வேண்டும் என்று செய்தி. முதலில் கட்டிய அதே பெரிய தொகை. ஏதோ தவறு என்று வங்கிக்கு ஓடினேன். அவள் நாற்காலியில் இப்போது ஒரு பையன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னான். "மேடம், இது இன்சூரன்ஸ். வருஷா வருஷம் கட்டணும். கட்டலைன்னா பாலிசி போயிடும், போட்டதுல பெரும்பகுதி திரும்ப வராது. வாங்கின புதுசுலேயே வேணாம்னு எழுதிக் குடுத்திருந்தா முழுசா வாங்கியிருக்கலாம். அந்தக் கெடு எப்பவோ முடிஞ்சுது."

"ஏம்ப்பா, ரிட்டயர் ஆன பொம்பளை, வருமானமே இல்லாதவ, வருஷா வருஷம் எங்கேர்ந்துப்பா கொண்டு வருவா? அறிவு வேண்டாம் விக்கிறவங்களுக்கு?" என்று நான் போட்ட சத்தத்தில் வங்கியே திரும்பிப் பார்த்தது. செக்கிங் ஹால் சத்தம். கத்தி முடித்துவிட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கையில் மிச்சம் இருந்தது ஒரு ஆபரேஷனுக்குக் காணாது. அந்தப் பணம் போனால் நான் யார் வீட்டு வாசலில் போய் நிற்பேன்? ஓசூருக்கா?

காப்பீட்டுக் கம்பெனிக்குப் புகார் எழுதினேன். பதிலோடு இரண்டு ஒலிப்பதிவுகளை அனுப்பிவைத்தார்கள். முதல் அழைப்பில் புரியவில்லை என்றீர்கள், ஆகவே மீண்டும் அழைத்து விளக்கினோம், இரண்டாவதில் நன்றாகப் புரிந்தது என்றீர்கள், இதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். இன்னொரு போன் வரட்டும் என்று நான் சொன்ன பொய் எனக்கே உலை வைத்துவிட்டது. ஜன்னலை மூடிவிட்டுப் பதிவைப் போட்டுக் கேட்டேன். என் குரலை நானே அப்படிக் கேட்டதில்லை. என்ன குழைவு, என்ன சந்தோஷம்! ஏதோ கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்களிடம் பேசுவது மாதிரி பேசியிருக்கிறேன். எனக்கே என் மேல் பரிதாபம் வந்து, சீ என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இரண்டாவது பதிவில் அது இருந்தது. மெல்லிசாக, என் குரலுக்கு அடியில். அங்கே இருந்தவளுக்குத்தான் பிடிபடும். "ஆமான்னு சொல்லுங்க பெரிம்மா." கம்பெனிக்காரர்கள் கவனிக்கவில்லை. விற்றவளே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். இதை நான் எழுதிப் போட்டிருந்தால் அன்றைக்கே பாதி வேலை முடிந்திருக்கும். எழுதவில்லை. குறைதீர்ப்பு அதிகாரியிடம் மேல்முறையீடு செய்தேன், அதிலும் எழுதவில்லை. அவள் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பைத்தியம் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நுகர்வோர் சங்கம் கூட்டம் போட்டது. ஓய்வுக்காலச் சேமிப்பை இப்படி விற்று ஏமாற்றுவதைத் தடுக்கப் புது விதிகள் வரப்போகின்றன, வரைவு வெளியாகியிருக்கிறது, மக்கள் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். போனேன். பக்கத்து நாற்காலியில் பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வந்த ஒருவர். ஏதோ கம்பெனியில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"இன்னாமா, நீயும் மாட்டிக்கினியா?" என்றார்.

"ஆமாங்க."

"என்னாண்ட வந்த பையன் தலீவரே தலீவரேன்னுகினே வந்தான். வூட்ல என் பையன் ஒரு வார்த்தை பேச மாட்டான். இவன் டீ வாங்கிக் குட்த்து, தோள்ல கை போட்டுக்கினு பேசுனான். எங்க கையெய்த்து போடணும்னேன். இப்போ இன்னா பண்றது, அல்லாம் பூட்ச்சு" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நாங்கள் இருவரும் மேடையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டோம்.

மேடையில் சங்கத்துக்காரர் ஒவ்வொன்றாகச் சொன்னார். வருமானம் இல்லாதவருக்கு வருடாவருடம் கட்டும் திட்டத்தை விற்கக் கூடாது. சரிபார்ப்பு அழைப்பின்போது விற்றவர் பக்கத்தில் இருக்கக் கூடாது. அறுபது தாண்டியவர் என்றால் வீட்டு ஆள் ஒருவரோ நம்பிக்கையானவரோ கூட இருந்து கேட்க வேண்டும். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்தேன்.

"கூட இருக்க ஆள் இல்லாதவங்க என்ன பண்றது?"

"அப்படி ஒருத்தர் கூடவா இல்லாம இருப்பாங்க மேடம்? அக்கம்பக்கம், ஃப்ரெண்ட்ஸ், யாராவது இருப்பாங்க" என்றார், நல்ல மனுஷன்தான், சிரித்துக்கொண்டே. எதிர்வீட்டுத் தலையாட்டலை நினைத்தேன். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. நம்பிக்கையான ஆள் என்று அவர் சொன்னதும் என் மனதில் வந்த முகம் ஒன்றே ஒன்று. அது யார் என்று சொன்னால் மண்டபமே சிரிக்கும். உட்கார்ந்துவிட்டேன்.

"இந்த விதி எல்லாம் இனிமே வாங்கறவங்களுக்குத்தான். பழசுக்கு இருக்கற சட்டம்தான். ஆனா விக்கறவங்க பக்கத்துல இருந்து சொல்லிக் குடுத்தாங்கன்னு நிரூபிச்சா இப்பவும் பணம் கிடைக்கும், அவங்க வேலையும் போகும்" என்று அவர் முடித்தார். மறுபடி கை தட்டினார்கள். பெரும்பாக்கத்துக்காரரும் பலமாகத் தட்டினார். நான் தட்டவில்லை.

விசாரணைக்கு என்னை நகருக்குள் குறைதீர்ப்பு அதிகாரியின் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். தாம்பரத்தில் ரயில் ஏறியதிலிருந்து ஒரே போராட்டம். சொல்லு, சொல்லாதே. மனக்கண்ணில் அவள் தயிர் சாதம் சாப்பிட்ட வாயைப் பார்த்தேன். படுக்கையில் கிடந்த என் அம்மாவைப் பார்த்தேன், அவளைத் திருப்பிப் போட நான் இருந்தேன், என்னைத் திருப்பிப் போடக் கூலி கொடுத்துத்தான் ஆள் வைக்க வேண்டும். அந்தக் கூலிதான் இந்தப் பணம்.

அதிகாரி ஒரு பெண்மணி, என் வயதுக்குப் பக்கம். கம்பெனி சார்பில் லேப்டாப்போடு ஒரு இளைஞன். இரண்டு பதிவையும் போட்டுக் காட்டினான். முதல் பதிவில் நான் சாப்பிட்டாயா என்று கேட்டதும் அவனுக்கு உதடு துடித்தது. இரண்டாவது ஓடியது. "நல்லாப் புரிஞ்சுதும்மா" என்ற என் குரலோடு நிறுத்தினான்.

"இதுக்கு என்னம்மா சொல்றீங்க?" என்றார் அதிகாரி.

வாயைத் திறந்தேன். "சத்தத்தைக் கூட்டி இன்னொரு தடவை போடச் சொல்லுங்க மேடம்" என்றேன். சொல்லிவிட்டேன். இனி அதைத் திரும்ப வாங்க முடியாது.

போட்டான். அறை முழுக்கக் கேட்டது. ஆமான்னு சொல்லுங்க பெரிம்மா. அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். இளைஞனுக்கு ஒரு கணம் முகம் மாறியது. ஆனால் கெட்டிக்காரன், உடனே பிடித்துக்கொண்டான்.

"மேடம், இது இன்னும் எங்களுக்கு சாதகம்தான். அவங்க சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தங்க கூட இருந்திருக்காங்க. குடும்பத்துல ஒருத்தர் பக்கத்துல இருந்து கேட்டுத்தான் சம்மதிச்சிருக்காங்க. புது வரைவே இதைத்தானே சொல்லுது?"

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "யாரும்மா அந்தப் பொண்ணு? உங்களுக்கு என்ன உறவு?"

எல்லாம் அந்த ஒரு பதிலில் வந்து நின்றது. உறவு என்று சொன்னால் பணம் போயிற்று. என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டவள் ஊரிலேயே அவள் ஒருத்திதான். சோபாவில் தூங்கியவளும் அவள்தான்.

"உறவெல்லாம் இல்ல மேடம். பேங்க்ல வேலை பார்த்த பொண்ணு. எனக்கு இதை வித்தவளே அவதான்."

"பெரிம்மான்னு கூப்பிடறாங்களே?"

"கூப்பிடுவா. ஆனா எனக்கு அவ யாரும் இல்ல."

அதிகாரி அதை அப்படியே எழுதி, படித்துக்காட்டி, என் பக்கம் நகர்த்தினார். கையெழுத்துப் போட்டேன்.

பணம் முழுவதும் திரும்ப வந்தது. அதை டெபாசிட்டில் போடக் கேம்ப் ரோடு வங்கிக்குப் போனேன். அதே பையன், எழுந்து நின்று நாற்காலி போட்டான். "ஜெயிச்சுட்டீங்க மேடம்" என்றான். அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள், வேறு வேலை கிடைத்ததா, கல்யாணம் ஆயிற்றா என்று கேட்க எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் உங்களுக்கு யார் மேடம் என்று கேட்பான். அதற்குப் பதில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. ரசீதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வரேம்ப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.